கேட்டுக்குள் இருக்கும் நாய்க்கு எவ்வளவு சோறு?

புதுச்சேரியில் பாகூர் ஏரிக்கரையிலோ வில்லியனூர் கடைத்தெருவிலோ சுற்றுகிற நாட்டு நாய்களில் தொப்பை போட்ட ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தொப்பையெல்லாம் கேட்டுக்குள் இருக்கிறது. மாடி வீடு கட்டி, காம்பவுண்டு எழுப்பி, காவலுக்கென்று வாங்கி வந்த லேப்ரடாரும், பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய பொமரேனியனும்தான் இரண்டு வருஷத்தில் உருண்டுவிடுகின்றன. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு, நடவுக்குப் போய் வருகிற ஆளுக்குப் போடும் சோறு. பார்க்கிறவர்களும் “நல்லா வளர்த்திருக்கீங்க” என்கிறார்கள். அந்தப் பாராட்டில்தான் பாதி வினை இருக்கிறது.

கண்ணால் பார்த்து எடையை முடிவு செய்யாதீர்கள், ரோமம் ஏமாற்றும். நாயின் விலாவில் இரு கைகளையும் வைத்து மெதுவாகத் தடவுங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்புகள் எப்படித் தட்டுப்படுகின்றனவோ, அப்படி விலா எலும்புகள் தட்டுப்பட்டால் எடை சரி. அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் கொழுப்பு ஏறியிருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இதையே 9 படிகளாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள். 4, 5 என்பது நல்ல உடல். அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் எடை கூடுதல் என்று கணக்கு. சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் மட்டும் இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த ஓட்டக்கார நாய்க்கு விலா எலும்பு வெளியே தெரிவதே இயல்பு.

வயிறு மட்டும் பெருத்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் அது கொழுப்பாக இருக்காது. குடற்புழு, வயிற்றில் நீர் கோர்ப்பது, சினை என்று காரணம் வேறாக இருக்கலாம். குறைவாகச் சாப்பிட்டும் ஊதிக்கொண்டே போகிற நாய்க்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கவும் கூடும். உணவைக் குறைக்கும் முன் ஒருமுறை கொம்யூனில் உள்ள கால்நடை மருந்தகத்திலோ, குரும்பாப்பேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிவிடுங்கள்.

இனி தட்டுக்கு வருவோம். பத்து கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தால் ஒரு நாளைக்கு அதன் உடலுக்குச் செலவாவது சுமார் 400 கலோரி. காலையில் கால் லிட்டர் பசும்பால், நாலு மேரி பிஸ்கட் கொடுத்தாலே 250 தாண்டிவிடும். அப்புறம் மதியச் சோறு (வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி), டீக்கடையிலிருந்து தாத்தா வாங்கி வரும் பொறை, ராத்திரி தயிர்சாதம். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் போடுகிறார்கள். நாய்தான் எல்லாவற்றையும் கூட்டிச் சாப்பிடுகிறது.

“அதுக்கென்ன, நடக்க வைச்சாப் போச்சு” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து கிலோ நாய் ஒரு கிலோமீட்டர் நடந்தால் கரைவது தோராயமாக 10 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்! நடை வேண்டும்தான், தசைக்கும் மூட்டுக்கும் மனசுக்கும். எடையைக் குறைப்பது மட்டும் தட்டின் வேலை.

அதற்காகச் சோற்றைப் பாதியாக்கிவிட்டு விட்டுவிடக் கூடாது, தசை கரைந்துவிடும். சோற்றைக் குறைத்த இடத்தில் வேகவைத்த சுரைக்காய், பூசணி, பீன்ஸ் சேருங்கள். முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, முள் எடுத்த மீன் இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். எண்ணெய், உப்பு, காரம் வேண்டாம். சாம்பாரும் கறிக்குழம்பும் ஊற்றிப் பிசைவது நம் பழக்கம். அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். அளவுக்கு ஒரே டம்ளர், போடுவதற்கு ஒரே ஆள் என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். கருத்தடை செய்த நாய்க்குத் தேவை சுமார் கால் பங்கு குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். தூக்க முடியாத லேப்ரடாருக்கு நெல் மூட்டை போடும் தராசு இருக்கவே இருக்கிறது.

லேப்ரடாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் செய்யும் மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது கெஞ்சுவது நடிப்பில்லை, நிஜமாகவே பசிக்கிறது. ஆனாலும் இளக வேண்டாம். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 48 லேப்ரடார்களை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகப் போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகவே வந்தது.

நடைக்குக் காலை ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள். தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். மூக்கு சப்பையான பக் நாயை வெயிலில் ஓடவே விடாதீர்கள். வரப்பில் போய் வந்தால் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய வயல்வெளியில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அதற்கான தடுப்பூசியை முன்பே போட்டுவிடுங்கள்.

பூனைக்கு விதி வேறு. அது கறி, மீனை நம்பிப் பிறந்த உயிர். பால்சோறு அதற்குப் பெரிதாகப் பயன்படாது, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்கவும் செரிக்காது. குண்டுப் பூனையை ஒருபோதும் பட்டினி போடாதீர்கள். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் தாராளம். வேகவைத்த மீனைச் சின்னப் பங்குகளாக்கி நாலைந்து வேளை கொடுங்கள். கயிற்றில் துணியைக் கட்டி இழுத்து, துரத்தவிட்டு விளையாடுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு மாதத்தில் எடை இறங்கவில்லையென்றால், பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள். அங்கே அதற்கு வேறொரு பெயரும் தனியாக ஒரு தட்டும் இருக்கக்கூடும்.