தொலைக்கணினியும் கோப்புப் பரிமாற்றமும்

ஒரு பொருளைத் தொலைவுக்கு அனுப்புவோன் மூன்றினை விரும்புவான். பொருள் உரியவர் கையையே சேர்தல் வேண்டும். இடைவழியிற் பிறர் அதனைப் பிரித்துப் பார்த்தல் ஆகாது. அனுப்பியவாறே குறைவின்றிச் சேர்தல் வேண்டும். ஓலை சென்ற காலத்தும் தபால் சென்ற காலத்தும் இவ்விருப்பம் மாறியதில்லை. கணினிக் கோப்புக்கள் செல்லும் இக்காலத்தும் அஃது அவ்வாறேயுளது. ஆயின், கோப்புப் பரிமாற்றத்தில் இம்மூன்றும் ஒருங்கே கைகூடுதற்கு ஏறக்குறையக் கால் நூற்றாண்டு சென்றது.

பிற கணினிகள் வேண்டுவனவற்றைக் கொடுத்தும், அவை தருவனவற்றை ஏற்றும் இடையறாது தொழிற்படும் கணினி சேவையகம் எனப்படும். பல சேவையகங்களுக்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. ஆகவே, தொலைவிலிருந்து எழுத்தால் ஆணையிட்டே அவற்றை இயக்குவர். அவ்வாணையை எழுதும் இடமே கட்டளை வரியாகும்.

கோப்புக்களை அனுப்புதற்கான முதல் நெறிமுறையை 1971 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வெளியிட்டவர் அபய் பூஷண் என்பார். இந்தியாவிற் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்ற இவர், அக்காலை அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் இருந்தார். எப்.ரி.பி. என வழங்கும் அந்நெறிமுறை பின்னர்ப் பலகாற் திருத்தப்பெற்று, 1985 இல் நிலையான வடிவம் எய்தியது. அதில் இரு தொடர்புகள் உண்டு. 21 என்னும் எண்ணுடைய வாயில் வழியே ஆணைகள் செல்லும். கோப்பு வேறொரு தொடர்பிற் செல்லும்.

எனினும், இந்நெறிமுறையிற் பெருங் குறையொன்று இருந்தது. பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் மறைப்பின்றி அப்படியே சென்றன. வலையமைப்பு ஒருவரையொருவர் அறிந்த அறிஞர் சிலருக்கே உரியதாயிருந்த காலத்தில் இஃது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அது பெருகியபோது, இடைவழியில் ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திரட்டுவோரும் பெருகினர். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அத்தகைய களவொன்று நிகழ்ந்தது. அதனைக் கண்ட ஆராய்ச்சியாளர் தாத்து இலோனென், அவ்வாண்டிலேயே எஸ்.எஸ்.எச். என்னும் காப்புடைய தொடர்பு முறையை ஆக்கினார். அதற்கு அமைந்த வாயில் எண் 22. எஸ்.எப்.ரி.பி., எஸ்.சி.பி. என்பன அத்தொடர்பினுள்ளே கோப்பைக் கொண்டு செல்லும் கருவிகள். பழைய எப்.ரி.பி. முறையைக் குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகள் 2021 இல் முற்றாக நீக்கின.

புதிய முறையில் இடைவழியிற் செல்வன யாவும் மறைகுறியாகவே செல்லும். கவர்ந்தவனுக்கு அவை பொருளற்ற குறிகளே. ஆயின், உரியவர் கையையே சேர்தல் என்னும் முதல் விருப்பம் பயனரின் விழிப்பையும் வேண்டி நிற்பது. ஒரு சேவையகத்தை முதன்முறை அணுகுங்கால், அதன் கைரேகை போன்றதோர் எழுத்துத் தொடர் திரையிலே தோன்றி, ஏற்பதோ மறுப்பதோ எனக் கேட்கும். சேவையகத்தைப் பேணுவோரிடம் முன்னரே பெற்ற தொடரோடு அதனை ஒப்பிட்ட பின்னரே ஏற்றல் முறை. பலர் வாசியாமலே ஏற்றுவிடுகின்றனர். நண்பனின் குரலைப் போன்ற குரல் கேட்டதும், எட்டிப் பாராது கதவு திறப்பவனுக்கு நேர்வதே இவர்க்கும் நேரக்கூடும். பிற்காலத்தில் அத்தொடர் மாறிற்று என எச்சரிக்கை வருமாயின், சேவையகம் புதிதாக அமைக்கப்பட்டிருக்கலாம். அன்றிப் பிறனொருவன் அவ்விடத்தில் நிற்கவுங் கூடும். காரணம் அறியாது அதனைக் கடந்து செல்லல் தகாது.

தொடர்பு கிடைத்தபின் வேண்டுவது திசையறிவு. எஸ்.எப்.ரி.பி. கருவியில் 'கெற்' என்னும் ஆணை தொலைவிலுள்ள கோப்பை இங்கே கொணரும். 'புற்' என்பது இங்குள்ளதை அங்கே இடும். எஸ்.சி.பி. கருவியில் எடுக்குமிடம் முன்னும், சேர்க்குமிடம் பின்னுமாக எழுதப்படும். தொலைக்கணினியின் பெயரையடுத்து முக்காற்புள்ளி இடப்படும். அப்புள்ளியை மறந்தவனது கோப்பு எங்குஞ் செல்லாது, தன் கணினியிலேயே மற்றொரு பெயரில் தங்கிவிடும். திசை மாறினால் வரும் இழப்பு இதனினும் பெரிது. மாணவனொருவன் காலையிற் சேவையகத்தில் இட்ட கட்டுரையை மாலைவரை தன் கணினியில் இருந்து திருத்துகின்றான் என்க. முடிவில் 'புற்' என எழுத வேண்டியவன் 'கெற்' என எழுதுவானாயின், காலைப் பிரதி வந்து மாலைப் பிரதியின்மேல் அமர்ந்துவிடும். கருவி ஒரு வார்த்தையுங் கேளாது. ஆதலின், ஆணையிடுமுன் இரு பக்கத்தும் தான் நிற்கும் கோப்புறை யாதென அறிதல் வேண்டும். 'பி.டபிள்யூ.டி.' என்னும் ஆணை அங்குள்ளதையும், 'எல்' என்னும் எழுத்தை முன்னே பெற்ற அதே ஆணை இங்குள்ளதையும் காட்டும்.

பெருந்தொகையான கோப்புக்களைக் காலந்தோறும் ஒப்பாக வைத்திருத்தற்கு, அன்ட்ரூ றிட்ஜெல், போல் மக்கெராஸ் என்போர் அவுஸ்திரேலியாவில் இருந்து 1996 இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் கருவி உதவும். பெறுவோனிடமுள்ள பழைய பிரதியைப் பகுதி பகுதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் கணித்த சிறு எண்ணை மறுபக்கத்துக்கு அனுப்பி, வேறுபட்ட பகுதிகளை மாத்திரம் வரவழைத்தல் அதன் சிறப்பு. ஒரு பக்கத்தில் இல்லாதவற்றை மறுபக்கத்தில் அழிக்கும் ஆணையும் அதிலுண்டு. அதனைப் பயன்படுத்துமுன், செய்யப்போவதைச் செய்யாது காட்டும் ஒத்திகை ஆணையை இட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

குறைவின்றிச் சேர்ந்ததா என்பதற்கும் உரைகல் உண்டு. கோப்பின் உள்ளடக்கம் முழுவதினின்றும் 64 குறிகளாலாய தொடரொன்றைக் கணிக்கும் முறை எஸ்.எச்.ஏ. 256 எனப்படும். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அத்தொடர் வேறாகும். இரு பக்கத்தும் கணித்து, இரண்டும் ஒன்றாயின் பிரதியும் ஒன்றே எனத் துணியலாம். அவ்வாறு துணிந்த பின்னரே மூலத்தை அழித்தல் வேண்டும்.

மறைப்பையும் விரைவையும் கருவி தரும். எவரோடு பேசுகின்றோம், எத்திசையில் அனுப்புகின்றோம், முழுமையாய்ச் சேர்ந்ததா என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் பயனரின் கடமையே. அவற்றைக் கேளாது விரைபவனுக்குக் கருவியின் விரைவே கேடாய் முடியும்.