கேட்கத் தெரிந்த தாதிமார்

வார்ட்டில் டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் நிற்பது தாதிமார்தான். "வாப்பா இனி எழும்புவாரா மிஸ்ஸி?" என்று பிள்ளைகள் கேட்பதும் அவர்களிடம்தான். தாதியருக்குக் கற்பிப்பவள் என்ற வகையில், இக்கேள்விக்கு முகங்கொடுக்க நாம் அவர்களைப் பழக்குவது போதாது என்பேன்.

இத்துறைக்கும் தாதியருக்கும் உள்ள உறவு பழையது. 1967இல் லண்டனில் சென்ற் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்த சிசிலி சோண்டர்ஸ், டொக்டராக முன்னர் தாதியாக இருந்தவர். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆரம்பமான எல்னெக் பயிற்சித் திட்டம் தாதியருக்கென்றே வகுக்கப்பட்டது. வலி, உரையாடல், பண்பாடு, துக்கம், இறுதி மணித்தியாலங்கள் எல்லாம் அதில் பாடங்கள்.

முதலில் கற்பிக்க வேண்டியது கேட்கும் முறை. நோயைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க? எதை நினைச்சுப் பயப்படுறீங்க? உங்களால பேச ஏலாமப் போனா யார் பேசணும்? கடைசியில வீட்டுல இருக்க விருப்பமா? பதில்களை டிக்கெட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரவு டியூட்டிக்கு வருபவருக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்தது அறிவு. இறுதி நாட்களில் சாப்பாடு குறைவது இயல்பு; வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். அளவோடு கொடுக்கும் மோர்ஃபின் மௌத்தை அவசரப்படுத்தாது. நெஞ்சை அமுக்க வேண்டாம் என்பது கவனிக்க வேண்டாம் என்பதல்ல. வாயை ஈரப்படுத்துவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், வலிக்கு மருந்து கொடுப்பதும் தொடர வேண்டும்.

நம்மவர்களுக்கென்று சில தேவைகள் உண்டு. ஸக்ராத் நேரத்தில் காதருகே கலிமா சொல்ல ஒருவர், முடிந்தால் கிப்லாவை நோக்கிய கட்டில், தாமதமின்றி ஜனாஸா. முஸ்லிமல்லாத தாதிக்கு இவை தெரிந்திருந்தால், ஆளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடுவார். தெரியாவிட்டால் குடும்பம் மூடிய கதவுக்கு வெளியே நிற்கும்.

"இதெல்லாம் பேசினா தவக்குல் இல்லாமப் போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வஸிய்யத் எழுதி வைப்பது நமக்குப் புதிதா? நெஞ்சை அமுக்கி மீட்பதில் பயனில்லை என்று நம்பகமான மூன்று வைத்தியர்கள் முடிவு செய்தால் அதைத் தவிர்க்கலாம் என சவூதி அரேபியாவின் 12086ஆம் இலக்க ஃபத்வா கூறுகிறது. மார்க்கத்துக்குள் இதற்கு இடமுண்டு.

ஆகவே தாதி கேட்கும்போது கோபப்படாதீர்கள். அவர் ஆயுளைக் கணக்குப் பார்க்கவில்லை. உங்கள் உம்மாவின் விருப்பத்தை, அவரால் சொல்ல முடிகிற நேரத்தில், கேட்டு வைக்கிறார்.