கில்லெட் பாதுகாப்பு ரேசர்

அமெரிக்கா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்
வெள்ளி முலாம் பூசிய பித்தளை, எஃகு பிளேடு

அடிக்கடி தோல்வாரில் தீட்ட வேண்டிய சவரக் கத்திக்கு மாற்றாக, மழுங்கியதும் எறிந்துவிடும் மெல்லிய பிளேடைக் கொண்டுவந்தவர் கிங் கேம்ப் கில்லெட். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர்தீட்ட வழி கண்டவர் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். 1903இல் 51 ரேசர்களே விற்றன. காப்புரிமை கிடைத்த 1904இல் விற்பனை 90,000ஐத் தாண்டியது.

மேல்மூடி, பல்தகடு, கைப்பிடி என மூன்றே பாகங்கள். கைப்பிடியைத் திருகி இறுக்கினால் பிளேடு வளைந்து விறைத்து நிற்கும். கூர்விளிம்பு மட்டும் சற்றே வெளியே தெரியும். அடியிலுள்ள பற்கள் ஆழமாக வெட்டுவதைத் தடுக்கும். சோப்பு நுரை பூசிய முகத்தில் சாய்வாக வைத்து, அழுத்தாமல், ரேசரின் எடையாலேயே சிறிது சிறிதாக மழிக்க வேண்டும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் கைக்கு இது போனது. அதன்பின் அந்நாட்டில் வீட்டிலேயே தினமும் மழித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது.