குதிர் நிறைந்த பிறகு: உடம்பில் கொழுப்பு சேர்வது எப்படி?

பனமலைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலிலிருந்து பார்த்தால், கீழே ஏரியும் நெல் வயல்களும் தெரியும். இந்தப் பக்கத்து வீடுகளில் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசிதான். நடவும் அறுப்பும் கைவேலையாக இருந்தவரை, தின்ற சோறு உழைப்பில் கரைந்தது. இப்போது அறுவடைக்கு இயந்திரம், கடைக்குப் போக இருசக்கர வண்டி. உலையில் போடும் அரிசி மட்டும் குறையவில்லை.

அந்த மிச்சம் எங்கே போகிறது? ஒரு விவசாய வீட்டு அடுக்களையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

அடுப்பு, பானை, குதிர்

அடுக்களையில் எரிய அடுப்பு, கைக்கெட்டும் இடத்தில் அரிசிப் பானை, உள்ளறையில் நெல் சேமிக்கும் குதிர். உடம்பில் தசைகளும் உறுப்புகளும் அடுப்பு. அரிசிப் பானை என்பது கிளைக்கோஜன் சேமிப்பு: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கொள்ளும். தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசுதான் குதிர்.

சோறு செரித்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. வந்ததை அடுப்புக்கும் பானைக்கும் பங்கிடுவது இன்சுலின்தான். பானை நிறைந்த பின்னும் மாவுச்சத்து வந்தால், ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. குழம்பிலும் வடையிலும் வந்த எண்ணெய்க்கு எரியும் முறை வராததால், அது குதிருக்குப் போகிறது.

இன்சுலின் மிகுந்திருக்கும் நேரத்தில் குதிரின் கதவு மூடியே இருக்கும்; பழைய கொழுப்பு வெளியே வராது. இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவே இரண்டு முறை சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் உள்ளே போனால், கதவு திறக்க நேரமே கிடைப்பதில்லை.

மூட்டை அடுப்படிக்கு வந்தால்

குதிர் நிறைந்த பிறகு வரும் மூட்டைகளை அடுப்பைச் சுற்றியே அடுக்கினால் சமையலே நடக்காது. தோலுக்கடியில் இடமில்லாத கொழுப்பும் அப்படித்தான் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் தங்குகிறது. அங்கிருந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் இதய நோயும் பின்தொடர்கின்றன. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு.

“நான் ஒல்லிதானே” என்றிருந்துவிட முடியாது. புனேயின் மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் உடம்பையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆகவே தராசைவிட இடுப்பை அளக்கும் நாடா நமக்கு அதிகம் சொல்லும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

தட்டில் என்ன மாற வேண்டும்?

சோற்றைக் குறைத்து வெஞ்சனத்தைக் கூட்டுங்கள். கீரை, காய், பருப்பு, முட்டை, ஏரி மீன் ஆகியவை சோற்றோடு சேரும்போது குளுக்கோஸ் நிதானமாக ரத்தத்துக்கு வரும். வயிறும் சீக்கிரம் நிறையும்.

இந்த மண்ணின் மல்லாட்டையும் (நிலக்கடலை) துணை நிற்கும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் தந்த டி.எம்.வி. 2 ரகம் நாடெங்கும் பரவியது. 100 கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு; 550 கலோரிக்கு மேலும் உண்டு. அதனால் மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாக, அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி போதும். கேழ்வரகுக் கூழில் நார்ச்சத்து கூடுதல் என்றாலும் அதுவும் மாவுச்சத்துதான். சொம்பு சொம்பாகக் குடித்தால் பலன் போய்விடும்.

நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தால் தசைகள் அந்தக் குளுக்கோஸை உடனே எரிக்கும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் சோற்றின் அளவை மாற்றுங்கள். மற்றவர்கள் இன்று இரவே ஒரு தோசையைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வையுங்கள். வீட்டில் எல்லோருடைய இடுப்பையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.