சளியா, மூச்சுத் திணறலா?

தாய்மார்களே, "பிள்ளைக்குச் சளிதானே, இரண்டு நாளில் போய்விடும்" என்று நாம் சொல்வது வழக்கம். ஓடியாடும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

நெஞ்சுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து, கடைசியில் மிக மெல்லியவையாகின்றன. ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் கிருமி கைக்குழந்தையிடம் இந்த நுனிக் குழாய்களைத் தாக்குகிறது. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் சளிபிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதன்முதலில் கண்டறியப்பட்ட கிருமி இது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறையாவது தொற்றிவிடுகிறது. பெரியவர்களுக்கு வெறும் தடுமனாகப் போய்விடும். குழந்தையின் குழாயோ மிகச் சிறியது. உட்புறம் சற்றே வீங்கிச் சளி சேர்ந்தாலும் காற்றுக்கு வழியில்லை.

முதல் இரண்டு நாள் மூக்கு ஒழுகும், கொஞ்சம் இருமும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் நோய் முற்றும். 'தேறிவிட்டது' என்று எண்ணி, குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு நாம் பால்வெட்டப் புறப்படுவதும் அந்த நாள்களில்தான்.

ஆகவே மூச்சை எண்ணிப் பழகுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், அதற்கு மேற்பட்டு ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுதல், முனகல், வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காமை, உதடு நீலம் பாய்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான். குறைமாதக் குழந்தைகளும் மிகச் சிறிய சிசுக்களும் மூச்சையே சற்று நிறுத்திவிடுவதுண்டு.

"வார்டில் படுக்க வைத்தார்கள், ஊசிகூடப் போடவில்லை" என்று சிலர் குறைப்படுகிறார்கள். வைரஸ் கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து வேலை செய்யாது. பிராணவாயு கொடுப்பதும், மூக்கிலுள்ள சளியை உறிஞ்சியெடுப்பதும், குடிக்க இயலாத குழந்தைக்குக் குழாய் வழியாகப் பாலோ நீரோ செலுத்துவதுமே அங்கே வைத்தியம். பெரும்பாலான குழந்தைகள் சில நாள்களில் தேறிவிடும். இரண்டு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நாம் அறியாததல்ல. என்றாலும் வீட்டில் பிராணவாயு கிடையாதே!

பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது: குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதை விட்டுவிடுங்கள். சிகரெட்டும் கொசுவத்தியும் அப்படியே. சளிபிடித்த அண்ணன் அக்காமார் கைக்குழந்தையை முத்தமிடலாகாது. எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 2023ஆம் ஆண்டிலிருந்து சில நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூச்சு வாங்கினால் நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிளினிக் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது என்று டாக்டர் கேட்பார்.