எம்பிஐ மொழிப் பிணைப்புகள்

எம்பிஐ மொழிப் பிணைப்புகள் என்பவை, செய்தி கடத்தல் இடைமுகத்தின் (எம்பிஐ) பணிகளை ஒரு நிரலாக்க மொழியிலிருந்து அழைப்பதற்கான செயற்கூறுப் பெயர்கள், தரவு வகைகள், அழைப்பு விதிகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். எம்பிஐ ஒரு மொழியோ மென்பொருளோ அன்று; அது இணைக் கணிமைக்கான ஒரு சீர்தரம். ஓப்பன் எம்பிஐ, எம்பிச் முதலிய மென்பொருள்கள் அதனைச் செயற்படுத்துகின்றன.

பின்னணி

மீக்கணினி என்பது பெரும்பாலும் வலையமைப்பால் இணைக்கப்பட்ட பல கணினிகளின் திரள் ஆகும். ஒவ்வொரு கணினிக்கும் தனி நினைவகம் உண்டு. எனவே தரவுகளைச் செய்திகளாகவே பரிமாற வேண்டும். 1991 இல் புனேயின் சி-டாக் நிறுவனம் பரம் 8000 கணினியை உருவாக்கிய காலத்தில், இதற்குப் பொதுச் சீர்தரம் இல்லை. கணினி மாறினால் நிரலையும் மாற்றி எழுத நேர்ந்தது. 1994 இல் வெளியான எம்பிஐ இக்குறையைப் போக்கியது. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 இல் நிறுவப்பட்ட 838 டெராஃபிளாப் திறனுள்ள பரம் பொருள் போன்ற திரள்களுக்கான நிரலை, மாணவர் தம் மேசைக்கணினியிலேயே எழுதிச் சோதிக்கலாம்.

சி, ஃபோர்ட்ரான்

முதற் பதிப்பு சி, ஃபோர்ட்ரான் 77 ஆகிய இரு மொழிகளுக்குப் பிணைப்புகளை வரையறுத்தது. செய்தி அனுப்பும் அடிப்படைச் செயற்கூறு சி மொழியில் ஆறு உள்ளீடுகளைப் பெற்று, வழு எண்ணை விடையாகத் தருகிறது. ஃபோர்ட்ரானில் வழு எண் ஏழாவது உள்ளீடாகும். பழைய ஃபோர்ட்ரான் பிணைப்பில் உள்ளீடுகளின் எண்ணிக்கையும் வகையும் சரிபார்க்கப்படுவதில்லை. எனவே ஏழாவது உள்ளீட்டை மறந்தாலும் நிரல் தொகுக்கப்பட்டுவிடும். ஓடும்போது நினைவகம் சிதைந்து, காரணம் புலப்படாமல் நின்றுபோகலாம்.

2012 இல் வெளியான எம்பிஐ 3.0 இதற்குத் தீர்வாக ஃபோர்ட்ரான் 2008 பிணைப்பைச் சேர்த்தது. இதில் உள்ளீட்டு வகைகளைத் தொகுப்பியே சரிபார்க்கிறது. வழு எண்ணைத் தராமலும் விடலாம்.

சி++

1997 இல் எம்பிஐ 2 சி++ மொழிக்குத் தனிப் பிணைப்பை வழங்கியது. அது சி பிணைப்பைவிடச் சிறிதளவே கூடுதல் பயன் தந்தது. பராமரிப்புச் சுமையோ மிகுதி. ஆகவே 2009 இல் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2012 இல் நீக்கப்பட்டது. சி++ நிரல்கள் சி பிணைப்பை நேரடியாக அழைக்கலாம் என்பதால் அம்மொழியினர் எம்பிஐயை இழக்கவில்லை. எனினும் நீக்கப்பட்ட பிணைப்பில் எழுதிய பழைய நிரல்களைத் திருத்தவேண்டியதாயிற்று.

பிற மொழிகள்

பைத்தான், ஜாவா, ஜூலியா முதலியவற்றுக்கான பிணைப்புகள் சீர்தரத்தைச் சேர்ந்தவை அல்ல, பிறரால் ஆக்கப்பட்டவை. லிசாண்ட்ரோ டால்சின் உருவாக்கிய எம்பிஐ4பை பைத்தான் மொழிக்குரியது. இதில் சிறிய எழுத்தில் தொடங்கும் அனுப்பு செயற்கூறு எந்தப் பைத்தான் பொருளையும் பைட்டுத் தொடராக மாற்றி அனுப்புகிறது; இது எளிது, ஆனால் மெதுவானது. பெரிய எழுத்தில் தொடங்குவது எண் அணிகளை நினைவகத்திலிருந்து நேரடியாக அனுப்புவதால் சி மொழியின் வேகத்தை நெருங்குகிறது.

இத்தகைய பிணைப்புகளை ஒவ்வொரு எம்பிஐ மென்பொருளுக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டியிருந்தது. 2025 இல் வெளியான எம்பிஐ 5.0, இரும நிலையிலும் பொது இடைமுகத்தை வரையறுத்தது. அதனைப் பின்பற்றும் மென்பொருள்களுக்கிடையே மறுதொகுப்பின்றி மாறிக்கொள்ள இது வழி செய்கிறது.