மாறாத சுவைக்கு மாறும் கணக்கு

பிரான்சின் போர்டோ பகுதியில் ஒயின் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சுவைப்பார்கள். சிறு அளவில் கலந்து பார்த்து, எந்தத் திராட்சையின் ஒயினை எவ்வளவு சேர்ப்பது என்று முடிவுசெய்வார்கள். ஆண்டுக்கு ஆண்டு விகிதம் மாறும், சுவையும் மாறும். அந்த வேறுபாட்டுக்காகவே ஆண்டைச் சொல்லிக் கேட்டு வாங்குபவர்கள் உண்டு.

கொல்கத்தாவில் இதே வேலை தேயிலையில் நடக்கிறது. ஆனால் டீ கலப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. போன மாதப் பொட்டலமும் இந்த மாதப் பொட்டலமும் ஒரே சுவையில் இருந்தாக வேண்டும். உள்ளே போகும் இலையோ வாரத்துக்கு வாரம் வேறு. ஒயின் கலப்பதைவிட இதுதான் கடினம் என்று தோன்றுகிறது.

இந்நகரில் முதல் தேயிலை ஏலம் 1861 டிசம்பர் 27 அன்று நடந்தது. அவுரிச் சாயத்துக்குத் தரகு பார்த்துவந்த ஆர். தாமஸ் நிறுவனம் அதை நடத்தியது. இன்றைய ஜே. தாமஸ் அதன் தொடர்ச்சி, ஆர்.என். முகர்ஜி சாலையின் நீல்ஹாட் ஹவுஸ் அதன் இருப்பிடம். ஏலம் இப்போது கணினியில். நாக்கின் வேலை மட்டும் எந்த இயந்திரத்துக்கும் போகவில்லை.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்கின் மாதிரியும் முன்கூட்டியே வாங்குபவர்களுக்குப் போய்விடும். சுவை அறையில் நீண்ட மேசை, வரிசையாக மூடியிட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 3103 சொல்வது, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். நிறுவனங்கள் தங்கள் வழக்கப்படி கொஞ்சம் கூட்டிக் குறைக்கும்; ஆனால் வரிசையில் உள்ள எல்லாக் கோப்பைக்கும் அளவு ஒன்றுதான். பிறகு சுவைஞர் கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிடுவார். அந்தச் சத்தம் அநாகரிகமல்ல. காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் மூக்கின் பின்புறத்தை எட்டும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சுவைப்பவர்கள் உண்டு. ஊறிய இலையையும் தவறாமல் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் இலை புளித்த பக்குவம் அதன் நிறத்தில் தெரிந்துவிடும்.

கலப்பது இதற்குப் பிறகு. அசாம் திடம் கொடுக்கும், மேற்கு வங்கத்தின் டூவார்ஸ் நிறம் கொடுக்கும், நீலகிரி மணம் சேர்க்கும். ஒரு சாதாரணப் பொட்டலத்திலேயே இருபது முப்பது தோட்டங்களின் தூள் இருக்கலாம். கலப்பவர் கிராம் கணக்கில் நிறுத்து, சிறு மாதிரி செய்து, பாதுகாத்து வைத்திருக்கும் பழைய கலவையின் பக்கத்தில் வைத்துச் சுவைப்பார். துவர்ப்பு கொஞ்சம் ஏறினாலும் விகிதத்தை மாற்றுவார். விலையும் கட்டுக்குள் நிற்க வேண்டும். தூளின் பருமனும் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் வண்டிப் பயணக் குலுக்கலில் நுண்தூள் அடியில் தங்கிவிடும், முதல் டம்ளரும் கடைசி டம்ளரும் வேறுவேறு சுவையாகிவிடும்.

கலவை ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் பாலோடு சேர்ந்தாலும் நிறமும் திடமும் குறையாத ‘டஸ்ட்’ எனும் நுண்தூளுக்குத்தான் மவுசு. வடக்கே பல இடங்களில் குருணையான தூளைக் கேட்கிறார்கள். உப்புத் தண்ணீர் ஊருக்கு ஒரு கலவை, நல்ல தண்ணீர் ஊருக்கு வேறு. உயர்ரக டார்ஜிலிங் மட்டும் இந்த வம்புக்கு அப்பாற்பட்டது. அதில் கோடைக்காலப் பறிப்பின் திராட்சை மணத்தைத் தேடி, தோட்டத்தின் பெயரைச் சொல்லியே வாங்குகிறார்கள்.

கலப்பவருக்குப் பெரிய சோதனை குளிர்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அசாமிலும் டூவார்ஸிலும் கொழுந்து கிடைக்காது. அதை ஈடுகட்டும் தூளை மழைக்கால, இலையுதிர்காலப் பறிப்புகளிலிருந்தே வாங்கிக் கிடங்கில் அடுக்க வேண்டும். கிடங்கில் இருக்க இருக்க அதன் சுவையின் துடிப்பு குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீலகிரியில் அந்த மாதங்களிலும் பறிப்பு நிற்பதில்லை. தை மாதப் பனியில் விளையும் அதன் கொழுந்துக்குத் தனி மணமே உண்டு. மார்ச் மாதம் வடக்கே துளிர் விட்டதும் புது மாதிரிகள் வந்து சேரும், விகிதங்களை மறுபடி எழுதுவார்கள்.